விசிறியின் வேகமும் வீட்டின் அமைதியும்

யந்திரம் என்று ஒன்று ஓடினால் சப்தம் இருக்கத்தான் செய்யும் என்று நாம் பொறுத்துப் பழகிவிட்டோம். மில்லிலும் அச்சுக்கூடத்திலும் அது தவிர்க்க முடியாத விஷயமாக இருக்கலாம். ஆனால், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் அறையிலும் முதியவர்கள் கண்ணயரும் கூடத்திலும் மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று பொழுது முழுவதும் எழுப்பிக்கொண்டிருக்கும் இரைச்சலைப் பற்றி அப்படிச் சொல்லிவிடுவதற்கு நியாயமே இல்லை. அந்த இரைச்சலில் பெரும்பகுதி, உள்ளே இருக்கும் விசிறிகள் அவசியத்துக்கு மேற்பட்ட வேகத்தில் சுழல்வதால் உண்டாவது. அந்த வேகத்தைச் சீர்படுத்துவதற்கான வசதியோ, இன்று விற்கும் ஏறக்குறைய எல்லா மதர்போர்டுகளிலும் தனிச் செலவு ஏதுமின்றி அமைந்தே வருகிறது.

மேஜைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் விசிறி ஆதியிலிருந்தே உள்ள துணை அன்று. 1984-இல் வெளிவந்த முதல் மக்கின்டாஷில் விசிறியே கிடையாது. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறியின் சப்தம் அறவே பிடிக்காது. 1980-இல் வந்த ஆப்பிள் மூன்று என்ற யந்திரத்துக்கும் அப்படியே விசிறியை விலக்கினார்கள். உள்ளே உஷ்ணம் மிகுந்து அது பெரும் தொல்லைக்கு உள்ளாயிற்று. பின்னர் சிப்புகளின் சக்தி வளர வளர விசிறியைத் தவிர்ப்பது இயலாததாயிற்று. 1993-இல் வந்த முதல் பென்டியம் சுமார் 16 வாட் உஷ்ணத்தை வெளியிட்டது. 2022-இல் வந்த இன்டல் கோர் ஐ9-13900கே, முழு வேகத்தில் உழைக்கும்போது 253 வாட் வரை மின்சாரத்தை வாங்கி, அவ்வளவையும் உஷ்ணமாகவே வெளிவிடுகிறது. ஆகவே விசிறி வேண்டும் என்பதில் விவாதம் இல்லை. எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதே கேள்வி.

இங்கே இயற்கை நமக்கு ஒரு பெரிய சலுகை காட்டியிருக்கிறது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகிறது. ஆனால் அதைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சப்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. பத்து டெசிபல் குறைந்தாலே நம் செவிக்குப் பாதிச் சப்தமாகத் தோன்றும் என்பதை நினைத்தால், காற்றில் பாதியை விட்டுக்கொடுத்து அமைதியில் எவ்வளவு அதிகமாகப் பெறுகிறோம் என்பது விளங்கும். இந்தக் காரணத்தாலேயே, 80 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு விசிறி ஒன்றை வெறிகொண்டு சுழலவிடுவதைக் காட்டிலும், அதைப்போல் இரண்டேகால் மடங்கு பரப்புள்ள 120 மில்லிமீட்டர் விசிறியை மெல்லச் சுழலவிடுவது எப்போதும் உத்தமம். ஒரே அளவான இரண்டு விசிறிகளைச் சேர்த்து ஓட்டினால் சப்தம் மூன்று டெசிபல்தான் கூடும் என்பதால், வேகமாக ஓடும் ஒன்றைவிட நிதானமாக ஓடும் இரண்டே காதுக்கு இதமானவை.

விசிறியின் வயரைச் சற்று உற்றுப் பார்த்தால் அதன் சூட்சுமம் புலப்படும். பிராசஸரோடு வரும் விசிறியில் பெரும்பாலும் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு கம்பிகள் இருக்கும். கறுப்பும் மஞ்சளும் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருபவை. பச்சை, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அனுப்பி, விசிறி எத்தனை ஆர்.பி.எம். வேகத்தில் ஓடுகிறது என்பதை மதர்போர்டுக்குத் தெரிவிப்பது; நீலமே கட்டளை வரும் பாதை. அக்கட்டளை ஒரு வினாடிக்கு 25,000 தடவை மின்னித் தணியும் துடிப்பாக வருகிறது. மனிதச் செவி உணரக்கூடிய எல்லைக்கு அப்பால் இருப்பதற்காகவே அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். நீலக் கம்பி அறுந்துபோனால் விசிறி நின்றுவிடாது, முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஆபத்து நேராத பக்கமே தவறும்படி அமைத்த அந்த முன்யோசனை போற்றத்தக்கது. கேபினட்டோடு இலவசமாக வரும் விசிறிகளில் பல மூன்று கம்பி மட்டுமே உடையவை. மதர்போர்டில் அந்த இணைப்பு நாலு கம்பி விசிறிக்குரிய பி.டபிள்யூ.எம். முறையில் இருந்தால், இவை எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்காமல் ஓயாது இரைந்துகொண்டே இருக்கும், அந்த இணைப்பை, வோல்ட்டைக் குறைத்து வேகத்தை அடக்கும் டி.சி. முறைக்கு மாற்றிவிட்டால் அந்த நிமிஷமே அடங்கிவிடும். பல வீடுகளில் இரைச்சலுக்கு இது ஒன்றே முழுக் காரணம்.

இடைவிடாத சப்தத்தைவிட ஏறி இறங்கும் சப்தமே மனத்தை அதிகம் அலைக்கழிக்கிறது. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் விசிறி சீறி எழுந்து, நாலு வினாடியில் தணிந்து, மறுபடியும் சீறுவதைப் பலர் கேட்டிருப்பார்கள். சிப்பின் உள்ளேயே இருக்கும் உஷ்ணமானி, வேலை வந்த கணத்திலேயே பத்து இருபது டிகிரி தாவிக் காட்டுவதும், விசிறி அதை அப்படியே நம்பி ஓடுவதும் இதற்குக் காரணம். ஆனால் சிப்பின்மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகப் பாளமோ, அடுப்பில் வைத்த தோசைக்கல்லைப் போல, நிதானமாகவே சூடேறும். அது சூடேறுமுன் எவ்வளவு காற்றை வீசினாலும் பிரயோஜனம் சொற்பமே. எனவே, விசிறி உடனுக்குடன் பதில் சொல்லாமல் சில வினாடி பொறுத்து மெல்ல ஏறும்படி, ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’ என்று மதர்போர்டு தரும் கால அளவைக் கூட்டிவைக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், வேகத்தைக் குறைப்பதைக் காட்டிலும் முதலில் செய்யவேண்டியது இதுவே.

இனிச் செய்முறை. முதற்காரியம் தூசு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றி, புளோயரால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டினால் பயாஸ் என்ற அமைப்புத் திரை திறக்கும். ஆசஸ் போர்டுகளில் கியூ-ஃபேன் என்றும், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் பெயர் காணப்படும். உஷ்ணத்தைக் குறுக்கிலும் வேகத்தை நெடுக்கிலும் காட்டும் ஒரு கோடு அங்கே தெரியும். அதன் புள்ளிகளை இழுத்து வைப்பதே வேலை. 55 டிகிரி வரை முப்பது சதவீதம், 70 டிகிரியில் ஐம்பது, 85 டிகிரியில் நூறு என்று தொடங்குவது சாதாரண உபயோகத்துக்குப் பொருத்தமானது.

இதைக் கேட்டு, 70 டிகிரியா என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டியதில்லை. இன்டலின் மேஜைக் கம்ப்யூட்டர் சிப்புகளில் பலவற்றின் எல்லை 100 டிகிரி, ஏ.எம்.டி.யின் ரைஸன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையை எட்டினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் யந்திரம் அணைந்துவிடும். ஆனால் நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறையின் உஷ்ணம் பத்து டிகிரி கூடினால் சிப்பின் உஷ்ணமும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். குளிர்தேசத்தில் 22 டிகிரி அறையில் பரீட்சித்துச் சொன்ன அளவுகளை, 36 டிகிரி காயும் மே மாதத்துச் சென்னை அறையில் அப்படியே எதிர்பார்ப்பது பிசகு. மார்கழியில் அமைத்த கோட்டைச் சித்திரையில் ஒருமுறை சோதித்தே தீர வேண்டும்: வீடியோ மாற்றுவது போன்ற கனமான வேலையை அரைமணி நேரம் ஓடவிட்டு, உஷ்ணம் எங்கே நிலைகொள்கிறது என்று பார்த்தால் போதும்.

அமைதியில் ஆசை மிகுந்து கேபினட்டின் விசிறிகளை அடியோடு நிறுத்திவிடுவதும் சரியன்று. வேலையில்லாத நேரத்தில் கிராபிக்ஸ் கார்டுகள் பல தம் விசிறியைத் தாமே நிறுத்திக்கொள்ளும். அது அவற்றுக்குப் பொருந்தும். ஆனால் ஹார்டு டிஸ்க்குகளுக்குச் சாதாரணமாக 60 டிகிரிதான் உச்ச வரம்பு. மெல்லிய காற்றோட்டமாவது அவற்றின்மேல் எப்போதும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் அரைமணி வேலை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைவீதி வரை, பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. விண்டோஸைப் பதித்து, திரை வருகிறதா என்று பார்த்ததோடு வேலை முடிந்தது என்று கொள்ளாமல், பயாஸில் விசிறிகளின் அமைப்பையும் ஒழுங்குசெய்து, வாடிக்கையாளரிடம் அதைக் காட்டி விளக்கிய பிறகே பெட்டியை ஒப்படையுங்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.