பாதிதான் வேலை என்று காட்டும் கணினி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அவகாசம் 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் 11-க்கு மாறிய திருவண்ணாமலை வாசகர்கள், குறிப்பாக டி.டி.பி. கடைக்காரர்களும் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும், ஒரே சந்தேகத்தைத்தான் எழுதுகிறார்கள்: முன்பு சிபியு 50 சதவீதம் காட்டிய அதே வேலைக்கு இப்போது 100 காட்டுகிறதே, புது விண்டோஸ் மெஷினைத் தின்கிறதா?

எல்லா நேரமும் அப்படியல்ல. டாஸ்க் மேனேஜர் கணக்குப் போடும் முறையே மாறியிருக்கிறது.

உதாரணத்துக்கு, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒருவர் எங்கும் உட்காராமல் நடந்தாரா என்று பார்ப்பது ஒரு கணக்கு. எவ்வளவு தூரம் கடந்தார் என்பது வேறு கணக்கு. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் இரண்டாவது வகையைக் காட்டியது: சிபியு உழைத்த நேரத்தை, அப்போதைய வேகத்துக்கும் அடிப்படை வேகத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கிய எண். 2 கிகாஹெர்ட்ஸ் சிபியு 1-க்கு இறங்கி, ஒரு நொடியும் ஓயாமல் உழைத்தாலும் திரையில் 50தான். அடிப்படை வேகத்தைத் தாண்டி டர்போவில் ஓடும்போது கணக்கு 100-ஐத் தாண்டும். திரையோ 100-இல் நிறுத்திவிடும்.

நம் ஊர் மே மாதத்துக்கு இது முக்கியம். இன்டெல் மடிக்கணினிச் சில்லுகள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக்கூரைக் கடையில், தூசி அடைத்த ஃபேனோடு ரெண்டர் ஓடுகிறது; பழைய கணக்குப்படி திரை 50 காட்டுகிறது; இன்னும் பாதிச் சக்தி மிச்சமிருக்கிறது என்று உரிமையாளர் நம்புகிறார். மிச்சம் எதுவுமில்லை.

2025-இல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட் முதல்வகைக் கணக்குக்குத் திரும்பியது. துறையின் பொது வழக்கத்தோடு ஒத்துப்போகச் செய்தோம் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இப்போது சூட்டில் வேகம் குறைந்த சிபியுவும் 100 காட்டும், முழு வேகத்தில் பறக்கும் சிபியுவும் 100 காட்டும். எனவே சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதே பக்கத்தில் கிகாஹெர்ட்ஸில் தெரியும் 'ஸ்பீடு' எண்ணை 'பேஸ் ஸ்பீடு' எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். வேலை நடக்கும்போது அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கிக் கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டை.

பழைய கணக்கு வேண்டுமா? டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'சிபியு யூட்டிலிட்டி' பத்தியைச் சேர்க்கலாம்.

வெப்பநிலை? சிபியுவுக்கு டாஸ்க் மேனேஜர் காட்டாது.

திரையோரத்தில் எப்போதும் தெரிய வேண்டுமா? லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் இலவசம். கேட்ஜெட் வசதி உண்டு.

இப்படிப்பட்ட கருவிகளை விண்டோஸின் டிஃபெண்டர் தடுக்கிறதே? பலவற்றில் இருந்த வின்ரிங்0 டிரைவரின் பாதுகாப்பு ஓட்டை 2020-இலேயே பதிவானது. எச்சரிக்கையை அணைக்காதீர்கள், கருவியின் புதிய பதிப்பைத் தேடுங்கள்.