பிழை கண்டால் பரிசு!

அமெரிக்காவில் ஒரு பேராசிரியர். பெயர் டொனால்டு கனூத். 1938ல் பிறந்தவர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

இவருக்கு ஒரு வழக்கம். இவர் எழுதியதில் யாராவது பிழை கண்டுபிடித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். செக் எழுதி அனுப்பிவிடுவார்!

செக்கை வாங்கியவர்களில் பலர் பாங்கிக்கே போகவில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

புரூப் வந்தது

கனூத் பெரிய நூல் ஒன்றைப் பாகம் பாகமாக எழுதி வருகிறார். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கலையைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு!

முதல் பாகங்கள் வந்தபோது ஈய எழுத்தில் அச்சுக் கோத்தார்கள். பக்கங்கள் அழகாக இருந்தன. பிறகு ஈயம் போயிற்று. போட்டோ முறை வந்தது.

1977ல் இரண்டாம் பாகத்தின் புதுப் பதிப்புக்குப் புரூப் வந்தது. கனூத் பார்த்தார். மனம் உடைந்துபோனார். எழுத்துகள் அவலட்சணமாக இருந்தன. பல ஆண்டு உழைப்பை இந்தக் கோலத்திலா வெளியிடுவது?

அந்தச் சமயத்தில்தான் எழுத்தைப் புள்ளி புள்ளியாக அச்சிடும் எந்திரம் வந்திருந்தது. புள்ளியை எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம். கம்ப்யூட்டர்தான் அவருக்குக் கை வந்த கலை ஆயிற்றே! தாமே அச்சுக் கோத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். சுமார் பத்து வருடம் பிடித்தது!

தொழிலுக்கு ஒரு பாஷை

கம்ப்யூட்டருக்குப் பல பாஷைகள் உண்டு. சம்பளக் கணக்குக்கும் ராக்கெட் கணக்குக்கும் பயன்படும் பொதுப் பாஷைகள் சில. ஒரே தொழிலுக்கு என்று பிறந்த பாஷைகள் சில.

தச்சர் "இழைப்புளி" என்கிறார். ஒரே சொல்தான். எடுத்துக் கொடுக்கும் பையனுக்குப் புரிகிறது. அதுபோலத்தான் இதுவும். தொழிலுக்கு வேண்டிய சொற்களை முன்னாலேயே செய்து வைத்துவிட்டால், தொழில் செய்பவருக்குச் சுமை குறைகிறது.

கனூத் செய்த பாஷைக்குப் பெயர் "டெக்". அச்சுக் கோப்பதற்கு என்றே பிறந்தது. அதில் "ஓவர்" என்று ஒரு சொல். இரண்டு எண்களுக்கு நடுவில் அதை எழுதினால் போதும். ஓர் எண் மேலே போகும். இன்னொன்று கீழே போகும். நடுவில் கோடு விழும். பின்னம் தயார்!

கையால் அச்சுக் கோப்பவர் ஒரு வரியை முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போவார். டெக் அப்படி அல்ல. பாரா முழுவதையும் பார்க்கும். ஒன்பதாவது வரியில் இடைவெளி அகலமாகும் என்று தெரிந்தால், மூன்றாவது வரியிலேயே ஒரு சொல்லைத் தள்ளி வைத்துச் சரிக்கட்டும்.

எழுத்து வரைவதற்கும் தனியாக ஒரு பாஷை செய்தார். ஆங்கில "எஸ்" எழுத்து மட்டும் அவரைப் படாதபாடு படுத்தியது. எந்தக் கணக்கிலும் வளைவு சரியாக வரவில்லை. அதை எஸ் மாதிரியே வரைந்தால் என்ன என்று கேட்டாராம் அவருடைய மனைவி!

கதவைச் சாத்தினார்

தமக்கும் தம் செயலாளருக்கும் மட்டும் என்று நினைத்துத்தான் கனூத் இதைத் தொடங்கினார். கணித அறிஞர்கள் விடவில்லை. டெக் உலகம் முழுவதும் பரவியது.

தொல்லையும் வந்தது. "அந்த வசதி வேண்டும்", "இந்த வசதி வேண்டும்" என்றார்கள். கேட்பது எளிது. பாஷையில் ஒரு சொல்லின் பொருளை இன்று மாற்றினால், நேற்று எழுதிய கட்டுரை நாளை வேறு மாதிரி அச்சாகுமே!

முதலில் செய்த டெக்கை அவரே ஒதுக்கிவிட்டு 1982ல் புதிதாக எழுதினார். 1989ல் ஐரோப்பியர்கள் முறையிட்டார்கள். தங்கள் எழுத்துகளுக்கு இடம் போதவில்லை என்றார்கள். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். 128 குறிகளுக்கு இருந்த இடத்தை 256 ஆக்கினார்.

அதோடு சரி. 1990ல் கதவைச் சாத்திவிட்டார். இனிப் பிழை திருத்தம் மட்டும். புது வசதி கிடையாது!

இது பிடிவாதம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அன்று டெக்கில் எழுதிய கணிதக் கட்டுரையை இன்று கொடுத்தாலும், வரி மாறாமல் அப்படியே கோத்துத் தருகிறது. இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அது நடக்காது.

வசதி வேண்டியவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. டெக்கை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு டெக் என்று பெயர் வைக்கக் கூடாது. இப்படிப் பிறந்தவைதான் "ஸீடெக்", "லுவாடெக்" போன்றவை. அவற்றில் தமிழையும் அச்சுக் கோக்கலாம்.

பிழைக்கு விலை

டெக்கில் வந்த பிழைகளை எல்லாம் கனூத் நாட்குறிப்பு போல எழுதி வைத்தார். மறந்துபோனது ஒரு வகை. கை தவறியது ஒரு வகை. அசட்டுத்தனம் ஒரு வகை! ஒளிக்காமல் 1989ல் வெளியிட்டார்.

பரிசுத் தொகை 2 டாலர் 56 சென்டில் தொடங்கியது. அதாவது 256 சென்ட். 256 என்பது 16ஐ 16ஆல் பெருக்கிய தொகை. கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பிடித்த எண். டெக் பிழைக்கான பரிசு ஆண்டுதோறும் இரண்டு மடங்கு ஏறி, 327 டாலர் 68 சென்டில் நின்றது.

2008ல் மோசடிக்காரர்கள் தொல்லையால் நிஜச் செக் அனுப்புவதை நிறுத்தினார். இப்போது கற்பனைத் தீவு ஒன்றின் பாங்கிச் சான்றிதழ்தான் வரும். அதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்!

டெக்கின் பதிப்பு எண்ணும் வேடிக்கையானது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடும். 3, 3.1, 3.14 என்று போகிறது. வட்டக் கணக்கில் வரும் "பை" எண்தான் இது. 2021ல் 3.141592653 வரை வந்துவிட்டது.

தம் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் கனூத் எழுதி வைத்திருக்கிறார். பதிப்பு எண்ணுக்குப் பதில் "பை" குறியையே போட்டுவிட வேண்டும். பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. மிச்சம் இருக்கும் பிழைகள் பிழைகள் அல்ல. அவையும் டெக்கின் குணங்களே!

அடுத்த முறை பிழைகளைப் பார்த்துத் திருத்துவதற்கு அவர் குறித்திருக்கும் ஆண்டு 2029. அப்போது அவருக்கு வயது 91.