குத்துச்சண்டைக்கு ஒரு குடியாட்சி

கான்சாபுரத்து இளைஞன் ஒருவன் குத்துச்சண்டை பயின்று உலக அரங்கில் ஏற விழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். கைவலிமை மட்டும் அவனுக்குப் போதாது. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியச் சம்மேளனம், சர்வதேசச் சங்கம் என்னும் படிகள் நடுவே நிற்கின்றன.

உச்சிப்படியாக 1946-இல் தோன்றியது சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம். அதன் பேரவையில் பெரிய நாட்டுக்கும் ஒரு வாக்கு. சிறிய நாட்டுக்கும் ஒரு வாக்கு. தலைவரைத் தேர்ந்தெடுப்பது அப்பேரவையே. ஏட்டளவில் இது நல்ல குடியாட்சிதான்.

நடைமுறை என்ன? தேர்தலில் முறைகேடு நிகழ்ந்திருக்கலாம் என்று ஐயுற்று, 2012-இல் இந்தியச் சம்மேளனத்தை அச்சங்கம் இடைநீக்கம் செய்தது. அதனால் 2013 உலகப் போட்டியில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடியின்கீழ் நிற்க இயலவில்லை. சங்கத்தின் கொடியின்கீழ் ஆடினர். பிழை அலுவலகத்தில், தண்டனையோ களத்தில்!

தண்டித்த சங்கமும் தப்பவில்லை. நிதி, நிர்வாகம், நடுவர் தீர்ப்பு ஆகியவற்றின் குறைகளுக்காக ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் அதனை இடைநீக்கம் செய்து, 2023-இல் அங்கீகாரத்தையே திரும்பப் பெற்றது. அவ்வாண்டு பிறந்த 'வேர்ல்ட் பாக்சிங்' என்னும் புதிய அமைப்பு 2025-இல் தற்காலிக அங்கீகாரம் பெற்றது.

மாணவ நண்பர்களே! வாக்குரிமை ஆட்சியைத் தொடங்கிவைக்கும். தணிக்கையும் நடுவரின் சுதந்திரமுமே அதனைக் காக்கும் என்பது என் துணிபு. உங்கள் கல்லூரி விளையாட்டுக் கழகத்திலும் வாக்களிப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டு முடிவில் கணக்கையும் கேளுங்கள்.