நீர்த்தேக்கத்தில் பச்சைப் படலம்: நீங்கள் அறிய வேண்டியவை

நீர்த்தேக்கக் கரையில் நடக்கும்போது, நீரின்மேல் பச்சைச் சாயம் ஊற்றியதுபோன்ற படலத்தைக் காண நேரிடலாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். எல்லாப் படலத்திலும் நச்சு இருக்காது. ஆனால் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில்தான் கண்டறிய முடியும்.

மருந்து தெளித்து உடனே அழிக்கலாமே?

செம்பு கலந்த மருந்து பாசியைக் கொல்லும். ஆனால் பாசி மடியும்போது அதனுள் இருக்கும் நச்சு நீரில் கலந்துவிடும். மடிந்த பாசி அழுகினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் இறக்கலாம். ஆகவே, நச்சின் அளவையும் நீரின் பயன்பாட்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சில நேரங்களில் நீர் விளையாட்டுகளைச் சில நாள்கள் நிறுத்திவைத்துக் கண்காணிப்பதே பாதுகாப்பான வழி.

கொதிக்கவைத்தால் நச்சு போய்விடுமா?

போகாது. நீர் ஆவியாகும், நச்சு அப்படியே தங்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியின் பாசி நச்சு குழாய் நீரில் கலந்தது. "குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்று ஏறத்தாழ 400,000 பேருக்கு அறிவிக்கப்பட்டது.

நம் குழாய் நீர் சுத்திகரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே வீட்டுக்கு வருகிறது. நீர்த்தேக்க நீரை நேரடியாக எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

படலத்தைக் கண்டால்

• நீரைத் தொடாதீர்கள். பேரப்பிள்ளைகளையும் செல்லப்பிராணிகளையும் விலக்கி வையுங்கள்.
• நீர் பட்டுவிட்டால், குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.
• அங்கே பிடித்த மீனை உண்ணாதீர்கள். நச்சு மீனின் ஈரலில் சேரக்கூடும்.
• தோல் அரிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருத்துவரை நாடுங்கள். நீர்த்தேக்கத்துக்குச் சென்றதையும் அவரிடம் சொல்லுங்கள்.
• பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் தெரிவியுங்கள்.

பாசி பெருகாமல் தடுப்போம்

வெப்பமான, அசைவற்ற நீரில் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகள் சேர்ந்தால் பாசி வேகமாகப் பெருகும். உரமும் உணவுக் கழிவும் அந்தச் சத்துகளைக் கொண்டுசேர்க்கின்றன. பொங்கோல் நீர்த்தேக்கத்தில் உள்ள செங்காங் மிதக்கும் ஈரநிலத்தின் செடிகள் அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழைநீர் நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. எனவே, மீந்த சோற்றையும் செடி உரத்தையும் கால்வாயில் கொட்டாதீர்கள். மீன்களுக்கு ரொட்டி போடுவதையும் தவிருங்கள். படர்ந்த பாசியை அகற்றுவதைவிட, படராமல் தடுப்பது எளிது.