பீரோவில் கிடக்கும் நெகட்டிவுக்கு எந்த ஸ்கேனர்?

2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்த வீடுகளில் கல்யாண ஆல்பம் நனைந்து ஒட்டிப்போயிருந்தாலும், ஸ்டூடியோ கொடுத்த உறைக்குள் நெகட்டிவ் தப்பித்திருக்கலாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஸ்கேனர் தேடுகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து நெகட்டிவை அளந்து பாருங்கள்.

ஒரு படம் 24×36 மில்லிமீட்டர் என்றால் அது 35 எம்.எம். பிலிம். கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் சதுரமாக இருந்தால் 120 ரோல். பழைய ஸ்டூடியோ கறுப்பு வெள்ளையில் இது நிறைய உண்டு. வாங்க வேண்டியது எது என்பதை இந்த அளவுதான் முடிவு செய்யும்.

ஜெராக்ஸ் கடையில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் இதற்கு ஆகாது. அது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிப்பது. நெகட்டிவுக்கோ ஒளி ஊடுருவி வர வேண்டும். அதற்கு மூடியிலும் விளக்கு வேண்டும். எப்சன் வி600 அந்த வகை. 35 எம்.எம்., 120 இரண்டையும் எடுக்கும். ஆனால் மூடி விளக்கின் அகலம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. திருமயம், அரிமளம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரிய கண்ணாடித் தகடு நெகட்டிவ் இருந்தால் அதற்குள் அடங்காது.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வி600 மேல் 6400 என்று இருக்கும். உண்மையில் தேறுவது அதில் கால் பங்கு, சுமார் 1600. இது 120 ரோலுக்குத் தாராளம்: ஒரு படத்துக்கு ஒரு கோடிப் பிக்சலுக்கு மேல் கிடைக்கும். 35 எம்.எம். என்றால் 34 லட்சம் பிக்சல்தான். 6×4 பிரிண்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போதும், 12×8 போட்டு மாட்ட முடியாது. அதற்கு பிளஸ்டெக் 8100 போல பிலிமுக்கென்றே உள்ள கருவி நல்லது. ஆனால் அதில் 120 நுழையாது.

கையடக்கப் பெட்டி போல, சின்னத் திரையோடு வருபவை ஸ்கேனரே அல்ல, உள்ளே கேமரா. நெகட்டிவை நொடியில் படம் பிடித்துவிடும். நிழல் பகுதியில் விவரம் போய்விடும். பட்டுப்புடவைச் சரிகை வெள்ளையாக வெளிறும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும் என்பவர்களுக்கு என் கணக்கில் அதுவே போதும்.

'தூசியைத் தானே நீக்கும்' என்ற வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கும் வித்தை அது. கறுப்பு வெள்ளை பிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்ளும். கலர் நெகட்டிவுக்கு மட்டுமே பயன். கறுப்பு வெள்ளைக்கு ரப்பர் ஊதுகுழலால் ஊதுவதே சரி. வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

பழைய ஸ்கேனர் மலிவாகக் கிடைத்தால், உங்கள் விண்டோஸுக்கு அதன் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வியூஸ்கேன் என்ற மென்பொருள் பல பழைய கருவிகளை இயக்கும். அதற்குத் தனிக் காசு. இருப்பதே நாலைந்து ரோல்தான் என்றால் எதையும் வாங்காமல், நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது எத்தனை டிபிஐ என்று கேட்டு, பட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணியே வாங்குங்கள்.