ஆற்றில் வெள்ளம், கரையில் பரிசல்

செம்மநத்தத்தில் என் வீட்டைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். பணி ஓய்வுக்குப் பின் இங்கே குடியேறிய எனக்கு, வரும் விருந்தினர்களை ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து மேட்டூர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாகத் தெரியும். "இவ்வளவு நீரும் எந்த வழியாக வருகிறது?" என்று முன்னாள் மாணவர் ஒருவர் ஒருமுறை கேட்டார். நேரில் பார்த்துவிடுவோம் என்று ஓர் ஆகஸ்ட் மாதத்தில் ஒன்பது பேராக ஒகேனக்கல் புறப்பட்டோம்.

சேலம், தருமபுரி, பென்னாகரம் வழியாகச் சென்று சேர்ந்தபோது காவிரி செந்நிறமாகச் சீறிக்கொண்டிருந்தது. அருவிகள் எவை, பாறைகள் எவை என்று பிரித்தறிய முடியவில்லை. பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. கரையில் பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "தண்ணி ஏறினாலும் எங்களுக்கு வேலை இல்லீங்க ஐயா, வத்தினாலும் வேலை இல்லீங்க" என்றார். நாற்பது ஆண்டுகள் பொருளியல் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் ஒரு முழுப் பாடமாகத் தோன்றியது.

அடுத்த ஜனவரியில் மீண்டும் சென்றோம். இம்முறை ஆறு அடங்கியிருந்தது. உயிர்காப்புச் சட்டை அணிந்து, மூன்று பரிசல்களில் மும்மூவராக ஏறினோம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நடுவே பச்சை நிறத்தில் ஆழமான நீர். அருவியின் அருகே நெருங்கியதும் புகைபோல எழுந்த சாரல் எங்களை நனைத்தது. 'புகையும் பாறை' என்று பொருள்படும் கன்னடப் பெயரை இவ்வூருக்கு இட்டவர்கள் மிகைப்படுத்தவில்லை.

பரிசலின் அமைப்பு எளிமையானது, ஆனால் நுட்பமானது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும். முன், பின் என்ற வேறுபாடு இல்லாததால் எந்தத் திசையிலும் திரும்பும். ஒற்றைத் துடுப்புடன் ஒருவரே செலுத்தலாம். பயணம் முடிந்ததும் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறலாம்.

இந்த எளிமையே வெள்ளத்தில் அதன் பலவீனமும் ஆகிறது. குறுகிய பள்ளத்தாக்கில் நீரின் அளவு கூடினால் அது பக்கவாட்டில் பரவ வழியில்லை. மட்டமும் வேகமும் ஒருசேர உயரும். மூழ்கிய பாறையைத் தாண்டி விழும் நீர், அதன் அடியில் எதிர்த் திசையில் சுருண்டு வரும். அச்சுழலில் சிக்கிய பரிசலை மீட்பது கைதேர்ந்த ஓட்டிக்கும் அரிது. ஆகவே, வெள்ளக் காலத்தில் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது முற்றிலும் சரி. அந்தத் தடையின் விலையை யார் தருகிறார்கள் என்பதே என் கேள்வி.

ஒகேனக்கல்லில் ஓடும் நீரை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள். கீழே மேட்டூர் அணை. இடையில், தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் வரத்தை அளவிடுகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இங்கே ஆண்டுக்கு 177.25 டிஎம்சி நீர் வந்து சேரவேண்டும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும்.

மாதவாரிப் பங்கீட்டைப் பாருங்கள். ஆகஸ்டுக்கு 45.95 டிஎம்சி, ஜனவரிக்கு 2.76; பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. இதைக் கணக்கிட்டால், ஆகஸ்டில் சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 17,000 கன அடியும், மே மாதத்தில் 1,000 கன அடிக்கும் குறைவாகவும் நீர் வரும். நடைமுறையில் சராசரி என்பது பெயரளவுக்குத்தான். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை இறுதியிலும் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியதைக் கண்டோம். டெல்டா விவசாயி நீருக்காகக் காத்திருக்கும் அதே மாதங்களில்தான் பரிசல் கரையேறுகிறது. கோடை விடுமுறையிலோ, அருவி மெலிந்தால் வருவோர் கூட்டமும் மெலிகிறது. முதியவர் சொன்னதன் பொருள் இதுதான்.

உலகின் மறுகோடியில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 446 கி.மீ. 1869-இல் ஜான் வெஸ்லி பவல் தலைமையில் பத்துப் பேர் நான்கு படகுகளில் புறப்பட்டபோது, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பதை எவரும் அறியார். ஆனால், 1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு, அந்த ஆற்றின் ஏற்ற இறக்கத்தை நகரங்களின் மின்தேவை தீர்மானித்தது. பள்ளத்தாக்கின் மணற்கரைகள் அரிக்கப்பட்டன. 1992-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், அணையை இயக்கும்போது பள்ளத்தாக்கின் நலனையும் பயணிகளின் நலனையும் கருத வேண்டும் என்றது. இன்று அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. குழுவாகத் துடுப்புப் போட வருவோரும் அதை நம்பிப் பிழைப்போரும் அதைப் பார்த்துத் திட்டமிடுகிறார்கள்.

நம் ஆற்றை அவர்கள் ஆற்றோடு அப்படியே ஒப்பிட இயலாது. அங்கே பயணம் பொழுதுபோக்கு; இங்கே பரிசல் அன்றாடப் பிழைப்பு. அப்படியிருக்க, முன்னறிவிப்பின் தேவை இங்கேதான் அதிகம்.

பொருளியலில் 1939-இல் நிக்கோலஸ் கால்டோரும் ஜான் ஹிக்ஸும் முன்வைத்த ஓர் அளவுகோல் உண்டு. ஒரு முடிவால் பயனடைவோர், இழப்படைவோருக்கு ஈடு கொடுத்த பிறகும் ஆதாயம் பெற முடியுமானால், அம்முடிவு சமூகத்துக்கு நன்மை பயக்கும் என்பது அதன் சாரம். 'ஈடு கொடுக்க முடியும்' என்பதோடு நின்றுவிடுவதே அதன் குறை. உண்மையில் ஈடு கொடுக்கப்பட்டதா என்று அது கேட்பதில்லை. பரிசல் தடை இந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடும். உயிர்கள் காக்கப்படுகின்றன. ஆனால், பொதுப் பாதுகாப்புக்கான செலவை, அதைத் தாங்க வலுவற்ற சில குடும்பங்கள் தங்கள் கூலியை இழந்து செலுத்துகின்றன.

இதற்கு வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களுக்காக மீனவர் குடும்பத்துக்கு அரசு வழங்கும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மீன்வளம் பெருகுவதற்காக வேலையை நிறுத்துபவருக்கு உதவி தருவது நியாயம் என்றால், பயணிகளின் உயிருக்காகத் துடுப்பைக் கீழே வைப்பவருக்கும் அது நியாயமே.

கடலில் தடைநாள்கள் நாள்காட்டியில் உள்ளன, ஆற்றில் அப்படி இல்லையே என்று கேட்கலாம். அதனாலென்ன? பிலிகுண்டுலுவில் நாள்தோறும் அளவு பதிவாகிறது. எத்தனை கன அடிக்கு மேல் தடை என்பதை எழுதி வைத்து, அந்த அளவு தொடர்ந்து இத்தனை நாள் மீறினால் இவ்வளவு உதவி என்று வரையறுத்துவிடலாம். பதிவு பெற்ற ஓட்டிகளின் பட்டியலும் ஆற்றின் அளவும் போதும். தனித்தனியே இழப்பை மெய்ப்பிக்க எவரும் அலுவலகப் படியேற வேண்டாம். சுற்றுலாப் பயணிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கினால், ஓட்டமுள்ள நாள் ஓட்டமில்லாத நாளுக்குச் சேமித்ததாகும். மேல் அணைகளில் நீர் திறக்கப்பட்ட செய்தி பரிசல் துறையின் பலகைக்கும் உடனே வந்துசேர வேண்டும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தால், தடையை மீறித் துடுப்பெடுக்கும் ஆசை எவருக்கும் எழாது. நிவாரணமும் ஒரு பாதுகாப்புக் கவசமே.

இப்போதும் லேடீஸ் சீட்டில் நின்று மேட்டூரைக் காட்டுகிறேன். அணை நிரம்பினால் விருந்தினர்கள் மகிழ்கிறார்கள், நானும் மகிழ்கிறேன். கூடவே, அந்த நீர் கடந்து வந்த பாறைக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் பரிசல்களும் நினைவுக்கு வருகின்றன. டெல்டாவின் கணக்கு எழுதப்படும் ஏட்டில் அவற்றுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.