தகவல் துளி: மீண்டும் ஒலித்த ஸ்விங்

1930களில் அமெரிக்க நடன அரங்குகளைக் கட்டி ஆண்டது ஸ்விங் இசை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், செலவு கட்டுப்படியாகாமல் அதை வாசித்த பெரிய இசைக்குழுக்கள் பல கலைந்தன.

1990களில் அந்த இசைக்கு மறுபடி உயிரூட்டியவர்களில் ஒருவர் பிரையன் செட்சர். ஸ்ட்ரே கேட்ஸ் என்ற ராக்கபில்லி வகை ராக் இசைக்குழுவின் பாடகர், கிதார் கலைஞர். ஸ்விங் இசைக்காக 17 பேர் கொண்ட தனிக் குழுவை அமைத்தார். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகளுக்கு முன்னால் எலெக்ட்ரிக் கிதாரோடு நின்று குழுவை நடத்தினார்.

லூயி பிரைமா 1956இல் பதிவு செய்த 'ஜம்ப், ஜைவ் அண்ட் வெயில்' பாடலை 1998இல் இந்தக் குழு புதிதாக இசைத்தது. மறு ஆண்டே கிராமி விருது கிடைத்தது. இளைஞர்கள் ஜோடி ஜோடியாக ஸ்விங் நடனம் கற்கத் தொடங்கினார்கள். ஸ்விங் கேட்க விரும்புவோர் இந்த இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாற்பதாண்டு இடைவெளியிலும் அதே துள்ளல்!